ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையும் தேசிக்காய்க் கரண்டியும்

வினாயகபுரம், திருக்கோவில், தம்பிலுவில் பக்கமிருந்து என் பதிவுகளை வாசிக்கிற பெற்றோருக்காக எழுதுகிறேன். இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள், பிழை கண்டால் திருத்துங்கள்.

போன வருடம் இந்த நாட்களில் சுபஹுக்குப் பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். இல்ல விளையாட்டுப் போட்டியில் அவளை 100 மீற்றருக்குப் போட்டிருந்தார்கள். அவள் தரம் ஐந்து. ஓகஸ்டில் புலமைப்பரிசில். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்து, அவள் ஓட நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பேன். ஏழெட்டு? ஒன்பதாறு? மூன்றாம் நாள் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாப்பா, ஓடுறதா, கணக்குச் சொல்லுறதா? ஒண்டச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஏசினேன். தோணியை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஏசினேன். இருபது வருடமாகப் பிறர் பிள்ளைகளுக்குப் பொறுமையாகப் படிப்பிக்கிற மனுசன், சொந்தப் பிள்ளையிடம் மூன்று நாள் தாக்குப்பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

பிறகு பெறுபேறு வந்தது. வெட்டுப்புள்ளிக்கு நாலு குறைவு. அந்தக் கிழமை சொந்தத்தில் ஒரு கலியாணம். மகள் வரமாட்டேன் என்று அறைக்குள் இருந்துகொண்டாள். ஏனென்று கேட்டால், "சாச்சி எத்தின மார்க்ஸ் எண்டு கேப்பாங்க" என்றாள். பத்து வயதுப் பிள்ளை கலியாண வீட்டுப் புரியாணியை விட்டுவிட்டு ஒளிந்திருந்தது. அந்த இரவுதான் இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். வரலாறு படித்தவன், படிப்பிக்கிறவன். ஆனால் என் வீட்டுக்குள் இருந்த வரலாற்றை அதுவரை பார்க்கவில்லை.

இந்தப் பரீட்சை பிள்ளைகளை வதைக்க வந்ததல்ல. இதன் வேரில் இருப்பவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. அம்பலாங்கொடைக்குப் பக்கத்தில் றந்தொம்ப என்ற கிராமத்தில் 1884இல் பிறந்தவர். அங்கிருந்த மிஷன் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த பையனைக் காலி ரிச்மன்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார் கண்டெடுத்து, புலமைப்பரிசில் கொடுத்துத் தன் கல்லூரிக்கு எடுத்தார். அந்த ஒரு உதவி இல்லாவிட்டால் அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். 1931இல் அரசாங்க சபையின் முதலாவது கல்வி அமைச்சரானவர், தனக்குக் கிடைத்த கதவைக் கிராமத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் திறக்கப் பார்த்தார்.

அன்றைய நிலையை யோசியுங்கள். நல்ல பாடசாலை என்றால் ஆங்கிலப் பாடசாலை. அது இருந்தது கொழும்பில், கண்டியில், காலியில், யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பு நகரத்தில். அங்கே காசு கட்டவேண்டும். கிராமத்தில் இருந்தது தாய்மொழிப் பாடசாலை. அதில் எவ்வளவு திறமாகப் படித்தாலும் ஒரு எல்லைக்கு மேல் வழி கிடையாது. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் கல்வி இலவசமானது. அதோடு சேர்ந்து நகரங்களுக்கு வெளியே மத்திய கல்லூரிகள் என்று விடுதியோடு கூடிய பெரிய பாடசாலைகளைத் தொடங்கினார்கள். அவர் காலத்தில் 54 என்பது கணக்கு. அந்த இடங்களுக்குக் கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய ஒரு வழி வேண்டியிருந்தது. ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை அப்படித்தான் வந்தது. கொப்பி வாங்கக் காசில்லாத பிள்ளை ஒரு பரீட்சையில் சித்தியடைந்து, விடுதியில் தங்கி, சாப்பாட்டுக்குக் கவலைப்படாமல் படிக்கிற ஏணி அது.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தோடு பதினொரு வயதுப் பரீட்சை நாடு முழுக்கப் பரவியது. பிள்ளையின் புத்தியைப் பதினொரு வயதில் அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. அந்த நம்பிக்கைக்குத் தூணாக நின்றவர்களில் ஒருவர் சிரில் பேர்ட் என்ற உளவியலாளர். 1971இல் அவர் இறந்தபின், இரட்டைப் பிள்ளைகள் பற்றி அவர் வெளியிட்ட கணக்குகள் நம்பத்தக்கவையல்ல என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. அதற்கு முன்பே, 1965இல், பிள்ளைகளைப் பிரிக்காத பொதுப் பாடசாலைகளுக்கு மாறும்படி அங்குள்ள அரசாங்கம் உள்ளூராட்சிகளைக் கேட்டுக்கொண்டது. இன்று கென்ட் போன்ற சில பகுதிகளில்தான் அந்தப் பரீட்சை மிஞ்சியிருக்கிறது. இன்னொரு விசயம். புத்திப் பரீட்சையை 1905இல் முதன்முதல் செய்த பிரான்ஸ்காரர் அல்பிரட் பினே, யாரையும் கழித்துவிட அதைச் செய்யவில்லை. வகுப்பில் பின்தங்கி நிற்கிற, கூடுதல் உதவி தேவையான பிள்ளை எது என்று கண்டுபிடிக்கத்தான் செய்தார்.

இப்போது எங்கள் ஊர்ப்பக்கம் வருவோம். இந்தப் பகுதிதான் எனக்கு விருப்பமானது. கொஞ்சம் நீட்டுவேன்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். பர்மா அவன் கையில் விழுந்துவிட்டதால் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றுபோனது. நாட்டுக்குச் சோறு வேண்டும். அரசாங்கத்தின் கண் எங்கள் வயல்களில் விழுந்தது. உணவு உற்பத்தியைக் கவனிக்கவென்று கல்முனைக்கு ஒரு உதவி அரசாங்க அதிபரை அனுப்பினார்கள். வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். வயது முப்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். இலங்கை சிவில் சேவைக்கு 1935இல் தெரிவான முதல் முஸ்லிம்.

அஸீஸ் எங்கே படித்தவர் தெரியுமா? யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். வைத்தீஸ்வரா இராமகிருஷ்ண மிஷன் பாடசாலை. அந்த மிஷனின் பாடசாலைகளை இலங்கையில் கட்டி வளர்த்தவர்களில் முதன்மையானவர் எங்கள் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர். காரைதீவுக்கும் கல்முனைக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கல்முனையில் இருந்த காலத்தில் அஸீஸுக்கும் சுவாமிக்கும் நெருங்கிய நட்பு உண்டானது. ஒருவர் நெல்லுக்குப் பொறுப்பான அதிகாரி. மற்றவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் சித்தியடைந்துவிட்டு, துறவு பூண்டு, கிராமத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களுக்காக அலைந்தவர். இருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

நெல் பார்க்க வந்த அஸீஸ் பிள்ளைகளையும் பார்த்தார். நாடு சோற்றுக்கு நம்புகிற விவசாயிகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு வயலில் நின்றார்கள். அந்த வருடமே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. அதில் முளைத்த எண்ணம்தான் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடு முழுவதற்கும் வளர்ந்தது. கையில் காசில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். எத்தனையோ டொக்டர்களும் எஞ்சினியர்களும் அந்த நிதியால் வந்தார்கள். அஸீஸ் 1948இல் சிவில் சேவையை விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராவின் அதிபராகப் போனார். மறுவருடம், 1949இல், கல்முனையிலும் ஒரு ஸாஹிரா எழுந்தது.

கவனித்துப் பாருங்கள். கன்னங்கராவின் பரீட்சையும் அஸீஸின் நிதியும் ஏறத்தாழ ஒரே காலத்துப் பிள்ளைகள். இரண்டும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளைக்கு எது தடை, அதை எப்படி எடுப்பது?

இந்தக் கதையை மகளுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது: "அஸீஸ் சேர் ஸ்கொலஷிப்ல எத்தின எடுத்த?"

"அப்ப அந்தச் சோதின இல்ல மகள்."

"அப்ப அவரு தப்பிட்டாரு."

சரி, ஏணி எப்போது வேலியாக மாறியது? ஒரே நாளில் நடக்கவில்லை. பரீட்சை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாமாதம் உதவிப் பணம். மற்றது, பேர்பெற்ற பாடசாலைகளில் தரம் ஆறுக்கு இடம். முதலாவது வேலையைப் பற்றி இன்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? உதவிப் பணத்துக்குத் தகுதியே இல்லாத, என்னைப்போல மாதச் சம்பளம் எடுக்கிற பெற்றோர்தான் டியுசன் வாசலில் அதிகம் நிற்கிறோம். எல்லாப் பாடசாலையும் ஒரே தரத்தில் இருந்தால் இரண்டாவது வேலைக்கும் தேவையிருக்காது. பாடசாலைகளுக்கிடையில் இருக்கிற இடைவெளியை நிரப்பாமல், அந்த இடைவெளியைத் தாண்டப் பத்து வயதுப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கிறோம்.

வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது ஐம்பதாயிரம் சொச்சம். அதாவது ஆறு பிள்ளைக்கு ஒரு பிள்ளை. மற்ற ஐந்து பிள்ளைகளும் கலியாண வீட்டுக்குப் போகாமல் ஒளிந்தால் கலியாண வீட்டில் யார் இருப்பார்கள்?

நெருக்குதல் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதற்கு 2024 போதும். செப்டெம்பர் 15 நடந்த பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், டிசம்பர் 31ஆம் திகதி, அந்த மூன்று கேள்விக்கும் எல்லாப் பிள்ளைக்கும் புள்ளி வழங்கும்படி தீர்ப்பு வந்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் பத்து வயதுப் பிள்ளைகளின் மூன்று கேள்வியைப் பற்றி ஆராயவேண்டி வந்தது. பரீட்சைக்குச் சில நாள் முன்னரே டியுசனும் கருத்தரங்கும் மாதிரி வினாத்தாளும் தடை என்று பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் அறிவிக்கவேண்டியிருக்கிறது. இளைப்பாற விடுங்கள் என்று பெற்றோருக்குச் சட்டம் போட்டுச் சொல்லவேண்டிய நிலை.

ஆசிரியர்களையும் சொல்லவேண்டும், என்னையும் சேர்த்து. பிள்ளையின் புள்ளியை வைத்துப் பாடசாலையை எடைபோடுவது புதுப் பழக்கமல்ல. இங்கிலாந்தில் 1862இல், பரிசோதகர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கில் பிள்ளைகளைச் சோதித்து, அந்தப் பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் கொடுக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். 1869இல் இங்கே பொதுப் போதனாத் திணைக்களம் உண்டான பிறகு அந்த முறை இலங்கைக்கும் வந்தது. விளைவு என்ன? பரிசோதகர் கேட்பதை மட்டும் ஆசிரியர் படிப்பித்தார். பிள்ளைகள் கிளிப்பிள்ளையானார்கள். அந்தச் சட்டம் செத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் பெறுபேறு வந்த அன்று சந்தியில் பெனர் கட்டுகிறோமே, அது அதன் பேரப்பிள்ளை.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். தலைப்பில் தேசிக்காய்க் கரண்டி என்று போட்டுவிட்டுச் சொல்லாமல் போகமுடியாது.

எங்கள் பாடசாலைகளில் ஸபா, மர்வா, ஹிரா, அரபா என்று இல்லங்கள் இருக்கும். உங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் வள்ளுவர், பாரதி, விபுலானந்தர். இல்ல முறை வெள்ளைக்காரனின் விடுதிப் பாடசாலைகளிலிருந்து வந்தது. பெயரைத்தான் நாங்கள் எங்களுடையதாக்கிக்கொண்டோம். பச்சைக் கொடியோ மஞ்சள் கொடியோ பிடித்துக்கொண்டு "விபுலானந்தா, விபுலானந்தா" என்று தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளைகளில் எத்தனைபேருக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரியுமோ தெரியாது.

ஓட்டத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். 400 மீற்றரில் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தமாட்டார்கள். வெளிவட்டத்தில் ஓடுகிறவருக்கு வளைவு நீளம். அதனால் இரண்டாவது ஓடுபாதைக்காரரை ஏழு மீற்றருக்கும் கொஞ்சம் கூட முன்னால் நிறுத்துவார்கள். அவர் களவாக முன்னால் நிற்கிறார் என்று எவரும் கத்துவதில்லை. உதவிப் பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுவதும் இதே நியாயத்தில்தான். ஆனால் அதைச் சொன்னால் மட்டும் சிலருக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையைத்தான் அந்த வருடம் தரம் ஒன்றுக்கு எடுப்பார்கள். ஆகவே பெப்ரவரியில் பிறந்த பிள்ளை வகுப்பில் மூத்தது, அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளை கடைசி இளையது. இருவருக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு வருடம். பத்து வயதில் ஒரு வருடம் என்பது வாழ்க்கையில் பத்தில் ஒரு பங்கு. கனடாவில் 1980களில் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தார்கள். வயதுப் பிரிவு ஜனவரியில் தொடங்குகிற அந்த விளையாட்டில், வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே கூட்டமாக இருந்தார்கள். சின்ன வயதில் கொஞ்சம் பெரியவனாக இருந்தவனைக் கெட்டிக்காரன் என்று தெரிவுசெய்து, அவனுக்கே கூடுதல் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் பிறந்தது ஜனவரி 27. நாலு புள்ளி குறைந்ததற்கு நான் அவளை ஏசியபோது இது எனக்கு ஞாபகம் வரவில்லை.

வினாயகபுரத்தில் கடற்தொழில் செய்கிற ஒரு தகப்பன் சில மாதங்களுக்கு முன் பஸ் தரிப்பில் என்னை மறித்தார். "சேர், எண்ட பொடியன் நல்லா ஓடுவான், படிப்புத்தான் ஏறுதில்ல. ஓட்டத்த நிப்பாட்டட்டா?" என்று கேட்டார். நிறுத்தவேண்டாம் என்றேன். நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் கதையைச் சொன்னேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். பிறகு கலாநிதியானார். மைதானம் அவரது படிப்பைக் குடித்துவிடவில்லை. தகப்பன் கேட்டுவிட்டு, "அவருக்கு ஸ்பைக்ஸ் ஆர் வாங்கிக் குடுத்த?" என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை. ஸ்பைக்ஸ் சப்பாத்து என்ன விலை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அஸீஸ் 1942இல் கல்முனையில் கேட்ட அதே கேள்வியை அவர் சப்பாத்தை வைத்துக் கேட்டார்.

இந்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டியில் தகப்பன்மாருக்குத் தேசிக்காய்க் கரண்டி வைத்தார்கள். கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு, தேசிக்காய் விழாமல் போகவேண்டும். மகள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி போகுமுன் என் தேசிக்காய் உருண்டது. எடுத்து வைத்தேன், திரும்பவும் உருண்டது. கடைசி. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெறுபேறு வந்த பிறகு அப்படி அவள் சிரித்து நான் காணவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்துகொண்டு கேட்டாள்: "வாப்பா, உங்களுக்கு ஏழெட்டு எவ்வளவு?"

மறுநாள் காலை அவளாகவே எழும்பிக் கடற்கரைக்கு வந்தாள், இரண்டு நிபந்தனையோடு. வாய்ப்பாடு கேட்கக்கூடாது. ஃபோனில் நேரம் பார்க்கக்கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1942 உணவுப் பஞ்ச காலத்தைப் பற்றி, கல்முனைக் கச்சேரியில் அஸீஸ் இருந்த நாட்களைப் பற்றி, ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையில் சித்தியடைந்து மத்திய கல்லூரி விடுதிக்குப் போன முதல் பிள்ளைகளைப் பற்றித் தங்கள் மூத்தாப்பா, மூத்தம்மா, பாட்டன், பாட்டி சொன்ன கதைகள் யாருக்காவது ஞாபகமிருந்தால் கீழே எழுதுங்கள். எழுதக் கஷ்டம் என்றால் குரலில் பதிவுசெய்து அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். ஸ்பைக்ஸ் சப்பாத்து, பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, ஏழாம் இலக்கம், யாருடைய வீட்டிலாவது சும்மா கிடந்தால் அதையும் சொல்லுங்கள். வினாயகபுரத்தில் ஒரு பொடியனுக்கு வேண்டும்.